எந்தத் திண்ணையிலிருந்து பார்த்தார்கள்?



அண்ணனின் நினைவுச் சொற்பொழிவை நான் ஆற்ற வேண்டும் என்று தோழர்கள் கேட்டபோது தயங்கினேன். அவருடைய எழுத்தைப் பற்றியும் போராட்டங்களைப் பற்றியும் என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நான் அவரிடம் கற்றுக்கொண்ட ஒன்றைப் பற்றி மட்டும் பேசலாம் என்று முடிவு செய்தேன். ஒரு ஊருக்குள் போனால் எப்படிப் பார்ப்பது, பார்த்ததை எப்படி எழுதுவது என்பதுதான் அது.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு உண்மை அறியும் குழுவில் அவரோடு போயிருந்தேன். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அன்று எங்களோடு பேசியவர்கள் இன்னும் அங்கேதான் வாழ்கிறார்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதாகப் புகார். நாங்கள் ஏழெட்டுப் பேர் கடைக்குப் போய், கடைக்காரரிடமே கேட்டோம். "அதெல்லாம் அந்தக் காலங்க, இப்ப யாரு பாக்குறா" என்றார். பக்கத்தில் நின்ற காலனிப் பெரியவரைக் கேட்டோம். அவர் கடைக்காரரை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லீங்க" என்றார். புகார் பொய்யோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. நான் அப்போதுதான் சமூகவியலில் முதுகலை முடித்திருந்தேன். நேர்காணல் எடுத்தாயிற்று, இரண்டு தரப்பையும் கேட்டாயிற்று என்று நோட்டை மூடிவிட்டேன்.

அண்ணன் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு என்னை எழுப்பி, கடைக்கு எதிரே இருந்த மதகுத் திட்டில் உட்கார வைத்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். கண்ணாடி டம்ளரில் குடித்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சிலருக்கு மட்டும் பிளாஸ்டிக் டம்ளர். அவர்கள் கடைக்குப் பக்கவாட்டில் நின்று குடித்துவிட்டு, டம்ளரைக் கசக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் யாரையும் அதட்டவில்லை. யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்லவும் இல்லை. அண்ணனின் நோட்டில் இரண்டு பத்திகளாகக் கோடுகள் ஏறிக்கொண்டே போயின. முந்தின நாள் "ஒண்ணும் இல்லீங்க" என்ற பெரியவருக்கும் அதில் ஒரு கோடு இருந்தது. பிளாஸ்டிக் பத்தியில்.

கடை ஒன்றுதான். கேள்வி கேட்டபோது ஒரு உண்மை கிடைத்தது, உட்கார்ந்து பார்த்தபோது வேறொரு உண்மை கிடைத்தது. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் இன்று பேசப்போகிறேன்.

பார்ப்பவருக்கு நான்கு இடங்கள்

மனித நடத்தையை ஆராயும் அறிவியல்களில் உற்றுநோக்கல் என்பது ஒரு தனி முறை. 1958இல் ரேமண்ட் கோல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் உற்றுநோக்குபவரின் நிலைகளை நான்காகப் பிரித்தார். ஆய்வாளர் என்று வெளியே தெரியாமல் முழுக்கப் பங்கேற்பவர் முதல் நிலை. ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டு கூடவே வாழ்பவர் இரண்டாவது. வந்து பார்த்துவிட்டு, கேட்டுவிட்டுப் போகிறவர் மூன்றாவது. எதிலும் கலக்காமல் விலகி நின்று பார்ப்பவர் நான்காவது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு லாபமும் ஒரு நட்டமும் உண்டு. உள்ளே போகப் போக ஆழம் கிடைக்கும், விலகல் போகும். விலகி நின்றால் நடத்தை தெரியும், காரணம் தெரியாது.

தான் பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் மனிதர்கள் மாறுவார்கள் என்பது இன்னொரு சிக்கல். சிகாகோ அருகே ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை தொழிலாளர்களை வைத்து நடந்த ஆய்வுகளின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. அந்த ஆய்வுகளின் முடிவுகள் பற்றிப் பின்னால் நிறைய சர்ச்சைகள் எழுந்தன. ஆனால் ஏழெட்டுப் பேர் நோட்டோடு டீக்கடைக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதில் சர்ச்சை ஏதும் இல்லை.

வகுப்பில் இந்த நான்கு நிலைகளையும் மனப்பாடம் செய்தேன். ஐந்தாவதாக ஒரு கேள்வியை யாரும் சொல்லித்தரவில்லை. பார்ப்பவர் எந்தத் தெருவில் தங்கினார்? சாதிச் சமூகத்தில் ஆய்வாளருக்கும் ஒரு வீடு வேண்டும், சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும். அவற்றை யார் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அவருடைய கண் எவ்வளவு தூரம் போகும் என்பது முடிவாகிறது. இந்தியக் கிராம ஆய்வுகளின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு ஒருமுறை பார்ப்போம்.

1916: இரண்டு தொடக்கங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கிராமங்களை ஆராய வைத்தார். நிலம், பயிர், கூலி, கடன் பற்றிய கேள்விப் பட்டியலோடு ஊர் ஊராகத் தகவல் திரட்டினார்கள். 1918இல் அது நூலாக வந்தது. தென்னார்க்காட்டு இருவேல்பட்டில் படியாட்கள் கடனுக்குக் கட்டுண்டு உழைத்ததை அந்த நூல் பதிவு செய்திருக்கிறது. அதே கிராமங்களுக்கு 1930களிலும் பிறகும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனதால், ஒரு ஊரின் மாற்றத்தை அளக்க இன்று நமக்கு ஒரு அடிக்கோடு இருக்கிறது. கேள்விப் பட்டியல் முறையின் பலம் அது. யார் எவ்வளவு கடன் பட்டார் என்று அது சொல்லும். படியாள் தன் கடனைப் பற்றி என்ன நினைத்தார் என்று சொல்லாது.

அதே 1916ஆம் ஆண்டு மே 9ஆம் தேதி, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மானுடவியல் கருத்தரங்கில் அம்பேத்கர் என்ற இளம் மாணவர் இந்தியாவில் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசித்தார். அகமணம்தான் சாதியின் உயிர் என்று அங்கே நிறுவினார். அது ஆய்வாளரின் குரல். இருபது ஆண்டுகள் கழித்து, 1930களின் நடுவில், 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலை எழுதும்போது அவர் வேறு முறைக்குப் போகிறார். அதன் தொடக்கத்தில் முறையியல் பற்றியே பேசுகிறார். தீண்டாமையைப் புரியவைக்கப் பொதுவாக விவரித்துச் சொல்லலாம், அல்லது நடந்த நிகழ்வுகளை எடுத்துக் காட்டலாம். இரண்டாவதுதான் பயன் தரும் என்று முடிவு செய்கிறார்.

1901இல் சிறுவர்களாக அப்பாவைப் பார்க்கப் போன பயணம் அதில் வருகிறது. மசூர் ரயில் நிலையத்தில் நல்ல உடையில் நிற்கும் பிள்ளைகளிடம் ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகப் பேசுகிறார். மகார்கள் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறுகிறது. வண்டிக்காரர்கள் ஏற்றிக்கொள்ள மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொள்வது என்று ஏற்பாடாகிறது. கூலி வாங்கிக்கொள்ளத் தீட்டு இல்லை, கூட உட்காரத்தான் தீட்டு. எந்தக் கேள்விப் பட்டியலிலும் இது வராது. கோல்டு சொன்ன நான்கு நிலைகளிலும் இது அடங்காது. இங்கே பார்ப்பவர் பங்கேற்க முடிவு செய்து வந்தவர் இல்லை. விலகிப் போக வழியில்லாதவர். அந்த நூலிலேயே தம் அனுபவங்களோடு, பிறருக்கு நேர்ந்து அச்சில் வெளிவந்த நிகழ்வுகளையும் அம்பேத்கர் சேர்த்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். சொந்த அனுபவம் ஒன்றை மட்டும் அவர் நம்பிவிடவில்லை.

ராமபுராவும் ஸ்ரீபுரமும்

கூடவே தங்கி ஆராயும் முறையை மாலினோவ்ஸ்கி 1915 முதல் 1918 வரை டிரோப்ரியாண்ட் தீவுகளில் நிலைநிறுத்தினார். இந்தியாவில் அதற்குப் பெயர் பெற்றவர் எம்.என்.சீனிவாஸ். 1948இல் மைசூர் அருகே ராமபுரா என்று அவர் பெயரிட்ட கிராமத்தில் தங்கினார். 1970 ஏப்ரலில், ஸ்டான்ஃபோர்டில் நடத்தை அறிவியல்களுக்கான உயராய்வு மையத்தில் இருந்தபோது, தீ வைப்புச் சம்பவத்தில் அவர் செம்மைப்படுத்தி வைத்திருந்த குறிப்புகள் எரிந்துபோயின. பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதி, 1976இல் 'நினைவில் நிற்கும் கிராமம்' வெளிவந்தது. படிக்கச் சுவையான நூல். எரிந்த குறிப்புகளைப் பற்றி வகுப்பில் நிறையப் பேசினோம். எழுதப்படவே இல்லாத குறிப்புகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

சீனிவாஸ் பிராமணர். ஊர்த் தலைவருக்குச் சொந்தமான மாட்டுக்கொட்டில் வீட்டில் தங்கினார். குளித்த பிறகு சவரம் செய்ததற்காகத் தலைவர் அவரைக் கண்டித்திருக்கிறார். பிராமணர் அப்படிச் செய்யலாமா என்று. ஊர் அவரை ஆய்வாளராக வைத்துக்கொள்ளவில்லை, தனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் உட்கார வைத்துக்கொண்டது. தம்முடையது மேல்சாதிப் பார்வை என்பதை அவரே நூலில் ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஒப்புக்கொண்டதால் விடுபட்டது வந்து சேர்ந்துவிடாது.

தஞ்சை மாவட்டத்துக்கு வருவோம். ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் ஸ்ரீபுரம் என்று பெயர் மாற்றிய கிராமத்தில் களப்பணி செய்தார். 1965இல் வந்த 'சாதி, வர்க்கம், அதிகாரம்' நூலை இன்றும் பாடமாக வைக்கிறார்கள். அவர் பிராமணர் இல்லை. ஆனாலும் அக்ரகாரத்தில், பிராமணர் வீட்டில் தங்க அவருக்கு இடம் கிடைத்தது. அதன் விளைவையும் அவரே எழுதியிருக்கிறார். பிராமணரல்லாதாரும் ஆதிதிராவிடர்களும் அவரை வடக்கேயிருந்து வந்த இன்னொரு பிராமணராகவே பார்த்தார்கள். அதனால் அவர்களைப் பற்றித் திரட்டிய தகவல் பிராமணர்களைப் பற்றியதைவிடத் தரம் குறைந்தது என்கிறார்.

இதில் ஒரு செய்தி இருக்கிறது. சீனிவாஸ் பிறப்பால் பிராமணர், பெத்தேய் தங்கியதால் பிராமணர். சேரியின் கண்ணுக்கு இருவரும் ஒன்றுதான். சேரி அவர்களைப் பற்றி ஒரு ஆய்வு நடத்தி முடித்துவிட்டது. இவர்களிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று முடிவும் எடுத்துவிட்டது.

உதவியாளர் மாறினால் ஊர் மாறும்

இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா? ஒரு தற்செயல் அந்தச் சோதனையை நடத்திக் காட்டியது. ஜெரால்டு பெர்ரிமன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1957-58இல் இமயமலை அடிவாரத்துக் கார்வால் பகுதியில், சிர்காண்டா என்று பெயரிட்ட கிராமத்தில் ஆய்வு செய்தார். முதல் உதவியாளர் சமவெளியிலிருந்து வந்த பிராமண இளைஞர். மேல்சாதிக்காரர்கள் அவர் முன்னால் தங்களை ஆசாரமானவர்களாகக் காட்டிக்கொண்டார்கள். கறி தின்பதும் சாராயம் குடிப்பதும் மறைக்கப்பட்டன. தலித்துகள் அதிகம் பேசவில்லை. சில மாதங்களில் அந்த இளைஞர் உடல்நலம் குன்றிப் போய்விட, வயதில் மூத்த ஒரு முஸ்லிம் உதவியாளராக வந்தார். ஆய்வாளர், ஊர், கேள்விகள் எல்லாம் பழையவையே. ஆனால் தலித்துகள் பேசத் தொடங்கினார்கள். ஆசாரமாக நடித்துக் காட்ட வேண்டிய அவசியம் மேல்சாதிக்காரர்களுக்கும் குறைந்தது.

பெர்ரிமன் 1962இல் இதைத் தனிக் கட்டுரையாக எழுதினார். சமூக வாழ்க்கையை நாடகமாகப் பார்த்த எர்விங் காஃப்மனின் கருத்தைத் துணைக்கு எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு குழுவுக்கும் மேடையில் காட்டும் முகம் ஒன்று, திரைக்குப் பின்னால் இருக்கும் முகம் ஒன்று. ஆய்வாளரை யார் அழைத்துப் போகிறார்களோ, அவர்களைப் பொறுத்தே எந்தத் திரை விலகும் என்பது இருக்கிறது. முறையியல் வகுப்பில் ஒரு கட்டுரையை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

சேரியிலிருந்து பார்த்தால் போதுமா?

அப்படியானால் சேரியில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரியாகிவிடுமா? செங்கல்பட்டுப் பகுதியில் நடந்த இரண்டு ஆய்வுகள் இதற்குப் பதில் சொல்கின்றன.

ஜோன் மென்ச்சர் 1974இல் எழுதிய கட்டுரையில் சாதியமைப்பைக் கீழிருந்து பார்த்தார். பறையர் விவசாயக் கூலிகள் சொன்னதை வைத்து, சாதி என்பது தூய்மை தீட்டு பற்றிய தத்துவம் என்ற லூயி தூமோனின் வாதத்தை எதிர்கொண்டார். அடியில் இருப்பவர்களுக்குச் சாதி திறமையாக இயங்கும் சுரண்டல் ஏற்பாடாகவே தெரிகிறது என்றார்.

மைக்கேல் மொஃபாட் அதே வட்டாரத்தில், எண்டாவூர் என்று அவர் குறிப்பிட்ட கிராமத்தில் 1970களின் தொடக்கத்தில் தலித்துகளையே மையமாக வைத்து ஆராய்ந்தார். 1979இல் நூல் வந்தது. ஊர் தங்களுக்கு மறுத்த சடங்குகளையும் பணிகளையும் சேரிக்குள்ளேயே திரும்ப உருவாக்கிக்கொள்கிறார்கள் என்பதைக் கண்டார். ஆகவே சாதியின் விழுமியங்களை அவர்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்.

பார்த்தது தவறில்லை. நம்முள்ளும் படிநிலை இருக்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் 'செய்கிறார்கள்' என்பதிலிருந்து 'சம்மதிக்கிறார்கள்' என்பதற்கு அவர் தாவியதுதான் சிக்கல். ஊர்க்கோவில் கதவு மூடியிருப்பதால் தனக்கென ஒரு கோவில் கட்டியவர், கதவை மூடியதற்குச் சம்மதித்தவர் ஆகமாட்டார். உற்றுநோக்கல் நடத்தையைக் காட்டும். நடத்தைக்குள் இருக்கும் அச்சத்தையும் கணக்கையும் காட்டாது. எங்கள் பெரியவர் பிளாஸ்டிக் டம்ளரில் குடித்ததைப் பார்த்தோம். அதைச் சம்மதம் என்று எழுதியிருந்தால் நாங்களும் மொஃபாட்தான். சேரியில் உட்காருவது அவசியம், அது மட்டும் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எண்ணிக்கையின் பக்கம்

ஒரு ஊரில் ஆண்டுக்கணக்கில் தங்கினால் ஆழம் கிடைக்கும். ஆனால் அரசு கேட்கும் முதல் கேள்வி, "எங்கேயோ ஒரு ஊரில் நடக்கிறது, அதைப் பொதுமைப்படுத்தலாமா?" என்பது. அதற்குப் பதில் சொல்ல எண்ணிக்கை வேண்டும். கன்ஷ்யாம் ஷா, சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு 11 மாநிலங்களில் 565 கிராமங்களை எடுத்துக்கொண்டது. பள்ளி, கடை, தண்ணீர், சுடுகாடு என்று தீண்டாமையின் வடிவங்களைத் தனித்தனியாக வரையறுத்துப் பதிவு செய்தது. அரசுப் பள்ளிகளில் தலித் பிள்ளைகளைத் தனியே உட்கார்ந்து சாப்பிட வைக்கும் வழக்கம் ஏறத்தாழ 38 விழுக்காடு கிராமங்களில் இருந்தது. 2010இல் நவ்சர்ஜன் அமைப்பு குஜராத்தில் 1,589 கிராமங்களை ஆராய்ந்த அறிக்கை 98 வகைத் தீண்டாமைகளைப் பட்டியலிட்டது. பட்டியல் போடுவதே ஒரு பார்வைப் பயிற்சி. 98 வகை என்று தெரிந்தவர் கண்ணுக்கு, இரட்டைக் குவளை மட்டும் தெரிந்தவர் கண்ணுக்குப் படாதது படும்.

செய்பவர்களையே கேட்பது இன்னொரு வழி. 2011-12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், உங்கள் வீட்டில் தீண்டாமை கடைப்பிடிக்கிறீர்களா என்று நேராகக் கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம், தலித் ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தால், பாத்திரத்தைப் புழங்கினால் பரவாயில்லையா என்று மேலும் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்து 27 விழுக்காடு வீடுகள் ஒப்புக்கொண்டன. சட்டப்படி குற்றமான ஒன்றை, முன்பின் தெரியாதவரிடம் ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் இத்தனை பேர். இந்த எண்ணைக் கீழ்வரம்பாகத்தான் படிக்க வேண்டும். கேள்வியைச் சமையலறைக்குக் கொண்டுபோன அந்த உத்தியைக் கவனியுங்கள். தத்துவம் கேட்டால் எல்லோரும் சமத்துவவாதிகள். பாத்திரத்தைக் கேட்டால் பதில் மாறுகிறது.

யார் பார்த்தால் சாட்சி?

இதெல்லாம் ஆய்வாளர்களின் கவலை, நமக்கென்ன என்று சில தோழர்கள் நினைக்கலாம். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பார்த்தவர்கள் இருந்தார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தபோது, காரும் நிலமும் உள்ள செல்வந்தர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்று சொன்னது. கண்ணால் பார்த்தவர்களின் சாட்சியத்தைவிட, பெரிய மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்ற அனுமானம் கனத்தது. மனித நடத்தை பற்றிய அனுமானம் ஒன்றுதான் அங்கே தீர்ப்பானது.

இன்றைய வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பார்வையை ஒட்டியே நிற்கிறது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது 'பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்' நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், பொதுமக்கள் யாரும் இல்லாதபோது நடந்தால் இந்தப் பிரிவின்கீழ் குற்றமாகாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கே நடந்தது, யார் நின்றார்கள், எவ்வளவு தூரத்தில் நின்றார்கள், எதைக் காதால் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தே வழக்கு நிற்கிறது, விழுகிறது. இது முழுக்க முழுக்க உற்றுநோக்கலின் வேலை.

ஆனால் நம்முடைய உண்மை அறியும் அறிக்கைகள் எப்படி இருக்கின்றன? நானும் பல எழுதியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். காலையில் போய் மாலையில் திரும்புகிறோம். சேரியில் முதலில் பேசுகிற இரண்டு ஆண்களிடம் பேசுகிறோம். களை எடுக்கப் போன பெண்கள் திரும்புவதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது. ஒரு முறை அப்படிக் கிளம்பி வந்தபின், ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது: சம்பவத்தை நேரில் பார்த்த ஒரே ஆள் களத்துமேட்டில் இருந்த ஒரு அக்கா. அவரை நாங்கள் பார்க்கவே இல்லை. பார்த்ததையும் கேட்டதையும் ஊகித்ததையும் ஒரே பத்தியில் கலந்து எழுதியதால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே அதைக் கிழித்தார். அக்ரகாரத்தில் தங்கியவர்களைக் குறை சொல்கிற நாம், சேரியின் எந்த வாசலில் நின்றோம் என்று எழுதுவதில்லை.

மாணவர்களுக்கும் இளம் தோழர்களுக்கும் சொல்ல விரும்புவது இதுதான். நோட்டில் முதல் வரியாக, நீங்கள் யார், யாரோடு போனீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், யார் சோறு போட்டார்கள் என்று எழுதுங்கள். பார்த்ததற்கு ஒரு பக்கம், கேட்டதற்கு ஒரு பக்கம், நினைத்ததற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெண்களிடம் பெண்கள் போய்ப் பேசட்டும், அதுவும் அவர்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில். ஒரு முறை கேட்டு முடிவு செய்யாதீர்கள். பெர்ரிமனுக்குத் தற்செயலாக நடந்ததைத் திட்டமிட்டே செய்யுங்கள், வேறு ஆளை அனுப்பி மறுபடி கேளுங்கள். எண்ணக்கூடியதை எண்ணுங்கள். நீங்கள் வண்டி ஏறிய பிறகு, உங்களிடம் பேசியவர் அதே டீக்கடைக்குத்தான் போயாக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பெயரை எழுதுவதற்கு முன் அவரைக் கேளுங்கள்.

மதகுத் திட்டிலிருந்து திரும்பும் வழியில் அண்ணனிடம் கேட்டேன்: "அந்தப் பெரியவர் ஏண்ணே நம்மகிட்டயே பொய் சொன்னாரு?" அவர் நடந்துகொண்டே சொன்னார்: "பொய் சொல்லலடா. நீ யாரு பக்கத்துல நின்னு கேட்டியோ, அதுக்குத்தான் அவரு பதில் சொன்னாரு."

அன்று மாலை அந்தப் பெரியவர் வீட்டு வாசலுக்கு நாங்கள் இருவர் மட்டும் போனோம். இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தார். புகார் மனுவை எழுதியதே அவர்தான்.